ஏரி வண்டலும் சென்னை மேற்குப் புறநகரின் களிமண் தோட்டங்களும்

ஏரி வண்டல் என்பது மழைநீர் அடித்து வந்து ஏரியின் அடியில் படியும் நுண்மண் ஆகும். கோடையில் ஏரி வற்றியதும் அதை வெட்டி எடுத்து நிலத்தில் இடுவது தொண்டை மண்டல உழவர்களின் நெடுங்கால வழக்கம். இதனால் ஏரி ஆழமாயிற்று. நிலமும் வளம் பெற்றது.

வரலாறு

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகிய இரண்டையும் குறிப்பிடுகின்றன. ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரிப்பது பின்னாளில் குடிமராமத்து எனப்பட்டது. 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்தைச் சட்டத்திற்குள் கொண்டுவந்தது.

1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அமைந்தன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தின் ஏரிப்பாசன வயல்கள் படிப்படியாக வீட்டுமனைகள் ஆயின. பாசனம் குறையவே வண்டல் எடுக்கும் வழக்கமும் குறைந்தது.

மண்ணின் இயல்பு

இன்றைய வீட்டுத் தோட்டங்கள் பல அந்தப் பழைய நஞ்சை மண்ணில்தான் உள்ளன. நெல்லுக்காகத் தலைமுறைகளாகச் சேற்றுழவு செய்த நிலத்தின் அடியில் இறுகிய அடுக்கு உருவாகிறது. நெல்லுக்கு நீர் தேங்குவது நன்மை. கத்தரி, வெண்டை, கொய்யா ஆகியவற்றின் வேர்களுக்கோ காற்று வேண்டும். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதனால் மழையில் நீர் வடியாது. கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும்.

வண்டலும் பெரும்பாலும் நுண்மண்ணே. அது மணற்பாங்கான நிலத்துக்கும் செம்மண்ணுக்கும் ஏற்றது. களிமண்ணில் இட்டால் இறுக்கமே கூடும். சிறிதளவு மணல் கலப்பதாலும் பயனில்லை. தொழுவுரமும் இலைமக்கும் ஆண்டுதோறும் இடுவதே வழி. அவை துகள்களைச் சிறு கட்டிகளாகச் சேர்த்து, இடையே காற்றும் நீரும் செல்ல இடமளிக்கின்றன. தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதும் அதே பயனைத் தரும். மேட்டுப்பாத்தி அமைத்தால் மழைக்காலத்தில் வேர் அழுகாது. ஈரமண்ணை மிதிப்பதும் கொத்துவதும் கூடாது. ஜிப்சம் சோடியம் மிகுந்த மண்ணுக்கே உரியது; மண் பரிசோதனைக்குப் பின்னரே அதை இட வேண்டும்.

இன்றைய நிலை

தமிழ்நாடு அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. உழவர்கள் வண்டலைக் கட்டணமின்றி எடுக்கவும் அனுமதி வழங்கப்பட்டது. ஆனால் புறநகர் ஏரிகளின் நிலை வேறு. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஆலைக்கழிவு கலந்த ஏரியின் வண்டலில் ஈயம் முதலிய கன உலோகங்கள் தங்கக்கூடும். அத்தகைய வண்டலைக் கீரைக்கும் காய்கறிக்கும் இடலாகாது. ஏரி தூய்மையாக இருந்தவரையில்தான் அதன் மண்ணும் உரமாக இருந்தது.