மணல் துகளே அளவுகோல்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்தவர் அந்தோனி வான் லேவன்ஹூக் (1632–1723). பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, லத்தீனும் தெரியாது. நகர நிர்வாகத்தில் உத்தியோகம் பார்த்தார். 1679 முதல் ஊருக்கு வரும் ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவை அளக்கும் பொறுப்பும் அவருடையது. ஓய்வுபெற்ற குமாஸ்தாவான எனக்கு அவர்மீது தனிப் பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒற்றை வில்லை பொருத்திய நுண்ணோக்கிகளை அவரே தம் கையால் செய்தார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். காரத்தின் காரணம் தெரியவில்லை. நீந்தித் திரியும் உயிர்கள் தெரிந்தன. 1676 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு டச்சு மொழியில் எழுதினார். அங்கே லேசில் நம்பவில்லை. தம் ஊரில் எட்டுப் பேரைப் பார்க்கச் செய்து, அவர்களுடைய சாட்சியத்தை அனுப்பினார். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் சோதித்துக் காட்டிய பிறகே சந்தேகம் தீர்ந்தது.

அந்த உயிர்கள் எவ்வளவு சிறியவை? அதைச் சொல்ல அன்று அலகு கிடையாது. மீட்டரே 1790களில்தான் பிரான்சில் பிறந்தது. நாம் எள்ளளவு, கடுகளவு என்பதுபோல, அவர் மணல் துகள், தினை, தலைமுடி, பேனின் கண் என்று ஒப்பிட்டார். ஆனால் ஒப்பிட்டதோடு விடாமல் கணக்கும் போட்டார். இரத்தச் சிவப்பணு நுண்மணலில் 25,000-ல் ஒரு பங்கு என்றார். இது கன அளவு. குறுக்களவில் ஏறக்குறைய 29-ல் ஒரு பங்கு. இன்றைய அலகுக்கு மாற்றினால் சுமார் 8.5 மைக்ரான் வருகிறது. உண்மை அளவு 7 முதல் 8!

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான், சர்வதேச அலகாக ஏற்கப்பட்டது 1879-ல். பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் அதை 'மிக்ரோன்' என்போம். 1967-ல் அந்தப் பெயரை விலக்கி மைக்ரோமீட்டர் ஆக்கினார்கள். ஆனாலும் பிளாஸ்டிக் பையின் தடிமனை இன்றும் மைக்ரானில்தான் சொல்கிறோம்.

லேவன்ஹூக் தம் சிறந்த வில்லைகளை யாருக்கும் கொடுக்கவில்லை. செய்யும் முறையையும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய அளவுகோல் எல்லோர் கைக்கும் எட்டும் மணல். அதனால்தான் 300 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் கணக்கைச் சரிபார்க்க முடிகிறது.