இரைப்பையில் ஒரு சாளரம்
சமிபாட்டின் மர்மம் துலங்கிய வரலாறு

நாம் உண்ணும் ஒரு பிடி சோறு எவ்வாறு இரத்தமாகவும் தசையாகவும் மாறுகின்றது என்ற கேள்வி மனித குலத்தைப் பல நூற்றாண்டுகளாக ஆட்கொண்டிருந்தது. இரைப்பை ஓர் அடுப்பைப் போன்று உணவை வேகவைக்கின்றது என்றனர் சிலர். திரிகையைப் போன்று அரைக்கின்றது என்றனர் வேறு சிலர். உண்மை வெளிப்பட்ட வரலாற்றில் அறிஞர் பலரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. ஆயினும் அந்த உண்மைக்காகத் தன் உடலையே கொடுத்தவர், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழைக் கூலித் தொழிலாளியாவார்.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் றியோமூர், துளைகளிட்ட உலோகக் குழாயொன்றினுள் இறைச்சியை வைத்து, அதனைத் தாம் வளர்த்த பருந்து ஒன்றை விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாய் நசுங்கவில்லை. ஆனால் உள்ளிருந்த இறைச்சி கரைந்திருந்தது. எனவே உணவைச் சிதைப்பது வெறும் அரைப்பு அன்று, ஒரு சாறு என்பது புலனாயிற்று. பின்னர் இத்தாலியரான ஸ்பலன்சானி, உணவு நிரப்பிய சிறு துணிப்பைகளைத் தாமே விழுங்கி இதனை மேலும் உறுதிப்படுத்தினார். எனினும் உயிருள்ள மனிதனின் இரைப்பையினுள் நடப்பதை நேரிற் காண எவருக்கும் வழியிருக்கவில்லை.

அவ்வழியை ஒரு விபத்துத் திறந்தது. 1822ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மக்கினோ தீவில், விலங்குத் தோல் வணிக நிலையமொன்றில் துப்பாக்கி ஒன்று தவறுதலாக வெடித்தது. மிக அருகில் நின்ற அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞரின் இடது விலாப்புறம் சிதைந்தது. கனடாவிலிருந்து படகோட்டிக் கூலியாக வந்த பிரெஞ்சு மொழியினர் அவர். படை மருத்துவரான வில்லியம் போமண்ட் அவருக்குச் சிகிச்சையளித்தார். பிழைக்க மாட்டார் என எண்ணப்பட்டவர் பிழைத்தார். ஆனால் இரைப்பையிலிருந்த துளை மூடவில்லை. அதன் விளிம்பு வெளித்தோலுடன் ஒட்டி ஆறிற்று. உடலில் ஒரு சாளரம் திறந்தபடியே நின்றது.

வேலை செய்ய இயலாத அவரைப் பராமரிக்க உள்ளூர் நிர்வாகம் முன்வரவில்லை. போமண்ட் அவரைத் தம் இல்லத்தில் ஏற்று, வேலையாளாகவும் வைத்துக்கொண்டார். 1825இல் பரிசோதனைகள் தொடங்கின. இறைச்சி, பாண், கோவா ஆகியவற்றின் துண்டுகளைப் பட்டு நூலிற் கட்டித் துளை வழியே இறக்கி, மணிக்கொரு தடவை வெளியே இழுத்து மருத்துவர் ஆராய்ந்தார். இரைப்பைச் சாற்றை எடுத்துக் குப்பியிலிட்டு உடல் வெப்பத்தில் வைத்தபோது, அங்கும் இறைச்சி மெல்லக் கரைந்தது. சமிபாடு ஓர் இரசாயன நிகழ்ச்சி என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. கோபம் மேலிடும்போது சமிபாடு பாதிக்கப்படுவதையும் அவர் குறித்து வைத்தார்.

இப்பரிசோதனைகள் சென் மார்ட்டினுக்கு வலியையும் தலைச்சுற்றையும் தந்தன. அவ்வாண்டிலேயே அவர் சொல்லாமற் கனடாவுக்குத் திரும்பி, திருமணமும் செய்துகொண்டார். வறுமை அவரை மனைவி மக்களுடன் மீண்டும் மருத்துவரிடம் கொணர்ந்தது. 1832இல் ஆண்டுக்கு 150 டொலர் ஊதியத்துக்குத் தன் உடலைப் பரிசோதனைக்கு உட்படுத்த அவர் ஒப்பந்தம் செய்தார். அதில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறியையே இட்டார். 1833இல் போமண்டின் நூல் வெளிவந்து அவருக்கு உலகப் புகழை ஈட்டிக் கொடுத்தது. 1834இல் ஊர் சென்ற சென் மார்ட்டினோ, மருத்துவர் எத்தனை தடவை அழைத்தும் அவரிடம் திரும்பவேயில்லை.

இரைப்பைச் சாற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் உண்டென்பது அப்பொழுதே தெரிந்திருந்தது. ஆனால் அமிலம் மட்டும் இவ்வளவு வேலையைச் செய்ய முடியாது. 1836இல் ஜேர்மனியரான தியோடர் சுவான், அச்சாற்றிலிருந்து புரதத்தைச் சிதைக்கும் பொருளொன்றைப் பிரித்து, அதற்குப் பெப்சின் எனப் பெயரிட்டார். இத்தகைய பொருள்களையே நாம் நொதியங்கள் என்கிறோம். 1930இல் அமெரிக்கரான ஜோன் நோத்ரொப் பெப்சினைப் பளிங்குருவாக்கி, அதுவும் ஒரு புரதமே எனக் காட்டினார். இத்துறைப் பணிக்காக 1946இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சோற்றை நன்றாக மென்றால் நாவில் இனிப்புத் தோன்றுவதை நாம் அறிவோம். உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை வெல்லமாக்குவதே அதன் காரணம். இரைப்பையிற் பெப்சின் புரதத்தைச் சிதைக்கத் தொடங்குகின்றது. சதையி சுரக்கும் நொதியங்கள் சிறுகுடலில் மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் சிதைக்கின்றன. முற்றிய இறைச்சியுடன் பப்பாசிக்காய்த் துண்டைச் சேர்க்கும் எமது சமையல் வழக்கத்தின் பின்னாலும் ஒரு நொதியமே உண்டு. பப்பாசிப் பாலிலுள்ள பப்பேயின் என்னும் அந்நொதியம், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையிலிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான பொருள்களுள் ஒன்றாகும்.

இன்று நொதியக் குளிகைகள் கடைகளிற் பலவாறாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. சதையி பழுதடைந்தோருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நொதிய மருந்து இன்றியமையாதது. பாலிலுள்ள வெல்லம் செரிக்காதோருக்கு அதற்குரிய நொதியம் உதவும். நலமுள்ள உடலோ தனக்கு வேண்டியதைத் தானே சுரக்கின்றது. இடைவிடாத வயிற்றுக் கோளாறும் மெலிவும் உள்ளோர் குளிகை வாங்குமுன் மருத்துவரை நாடுவதே முறை. சதையி நொதிய மருந்துகள் பெரும்பாலும் பன்றியிலிருந்து பெறப்படுபவை. உணவு நெறி பேணுவோர் இதனையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.

சென் மார்ட்டின் 1880ஆம் ஆண்டு யூன் மாதம் கியூபெக்கில் மறைந்தார். அவரது இரைப்பையைப் பெற மருத்துவர்கள் விரும்பினர். குடும்பத்தினர் இணங்கவில்லை. உடலை எவரும் பயன்படுத்த முடியாதவாறு, கோடை வெயிலில் அது அழுகும்வரை வீட்டில் வைத்திருந்து, ஆழக் குழிதோண்டிப் புதைத்தனர். உயிருள்ளவரை பிறரின் ஆராய்ச்சிப் பொருளாயிருந்தவருக்கு, இறந்த பின்னராவது தன் உடல் தனக்கே உரியதாகட்டும் என்ற உறுதி அதில் தெரிகின்றது. 1962இல் கனடிய உடற்றொழிலியலாளர் அவரது கல்லறையருகே நினைவுப் பலகை நாட்டினர். இன்று நோயாளியின் சம்மதமின்றி அவர் உடலில் ஆராய்ச்சி செய்தல் ஆகாது என்பது மருத்துவ நெறியாக ஏற்கப்பட்டுள்ளது. மொழி தெரியாத நாட்டில் மருத்துவமனைப் படிவத்தை விளங்கிக்கொண்ட பின்னரே ஒப்பமிடுவதும், விளங்காவிடின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும், அந்த நெறி எமக்கும் அளித்துள்ள உரிமைகளாகும்.