அராவிய இலக்கம்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கள் கம்மாலைக்குப் பட்டடையாக இருந்தது ஒரு தண்டவாளத் துண்டு. ஐயா உருக்குக் கம்பியை அதன்மேல் வடக்குத் தெற்காகக் கிடத்தி, காய்ச்சாமலே பத்துப் பதினைந்து அடி போடுவார். பிறகு நுனியை அரத்தூளில் வைத்தால், நாலைந்து துணுக்கு மயிர்க்கொட்டியின் மயிர்போல எழுந்து நிற்கும். "தம்பி, கிழக்கு மேற்காய்ப் போட்டு அடிச்சுப்பார், ஒண்டும் ஒட்டாது" என்பார்.

வடக்குத் தெற்காக இரும்பை நீட்டி அடிக்கும் கொல்லனை 1600இலேயே ஆங்கிலேயரான வில்லியம் கில்பர்ட் காந்தம் பற்றிய தன் நூலில் படமாகப் போட்டிருக்கிறார். அவர் வாழ்ந்த லண்டனில் பூமியின் காந்தப்புலம் கடுஞ்சரிவாக நிலத்துள் இறங்கும். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அது ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். ஐயாவின் திசைக் கணக்கு அதனால்தான் இங்கே இவ்வளவு சுத்தமாகப் பலித்தது.

இரும்புக்குள் மறைந்திருக்கும் பழுதையும் காந்தம் காட்டிக்கொடுக்கும். 1868இல் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் காந்தமேறிய பீரங்கிக் குழல் நெடுக கொம்பாஸை நகர்த்தி, முள் துள்ளிய இடத்தில் பழுது கண்டார். 1919இல் ஜெர்மனியில் பார்க்ஹவுசன் இரும்பைச் சுருளுக்குள் வைத்து மெதுவாகக் காந்தமேற்றி, சுருளில் எழுந்த மின்னதிர்வைப் பெருக்கியபோது படபடவென்று ஓசை கேட்டது. இரும்புக்குள் இருக்கும் சிறு காந்தப் பகுதிகளின் எல்லைகள் தடக்கித் தடக்கி நகரும் ஓசை அது. அடிபட்டு நெரிந்த இடத்தில் தடக்கல் மாறும், ஓசையும் மாறும். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் அந்த ஓசையை வைத்தே உருக்கின் உள்நிலையை ஆராய்ந்தார்கள்.

அப்படி நெரிந்த இடத்தைக் காந்தம் காட்டுவதை நான் கண்ணால் கண்டது ஒரு சைக்கிளில். பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள்தான் கால். களவுபோன றலி ஒன்று திரும்பக் கிடைத்தது, ஆனால் சட்டத்தில் குத்தியிருந்த இலக்கத்தை யாரோ வழவழவென்று அராவிவிட்டிருந்தான். இலக்க அச்சு இறங்கும்போது அதன் கீழே உள்ள உருக்கும் நெரிகிறது. பள்ளத்தை அராவலாம், நெரிவு அடியில் கிடக்கும். மிக ஆழமாக அராவினால்தான் அதுவும் போகும்.

எமரித் தாளால் மினுக்கினேன். பழைய மக்னீற்றோவின் லாடக் காந்தத்தை இரு பக்கமும் படும்படி வைத்து, மண்ணெண்ணெயில் கலக்கிய நுண்ணிய இரும்புத் தூளைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். எண்ணெய் வடிய, தூள் கோடு கோடாகத் தங்கியது. முதலில் ஒரு ஏழு. பிறகு இரண்டு. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று பிடிபடவில்லை. சைக்கிள்காரர் மடித்து வைத்திருந்த பற்றுச்சீட்டை விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். மூன்று.