மாலையில் பிறக்கும் நாள்

கொல்லிமலையில் பொழுது சாய்ந்தால் நமக்கு அன்றைய நாள் முடிந்தது. யூதர்களுக்கோ அப்போதுதான் அடுத்த நாளே ஆரம்பம்!

எபிரேய வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம், படைப்பின் நாட்களை முதலில் மாலை, பிறகு காலை என்றுதான் எண்ணுகிறது. அதனால்தான் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு, வெள்ளி சாயங்காலம் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே விளக்கேற்றிவிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கை, பகலும் இரவும் முதல் நாளே பிரிந்தாச்சு. சூரியன் வருவது நாலாம் நாள்! (சயின்ஸ் வாத்தியாரிடம் கேட்டுவிடாதீர்கள்.) அப்போதும் பெயர் கிடையாது. பெரிய விளக்கு, சின்ன விளக்கு, அவ்வளவுதான். பாபிலோனில் சூரியன், ஷமாஷ் என்ற கடவுள். எபிரேயத்தில் சூரியனுக்கு ஷெமெஷ் என்று பெயர். அந்த வாடையே வேண்டாமென்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது பல அறிஞர்களின் கணிப்பு. அதே பாபிலோனுக்குக் கைதிகளாக இழுத்துப் போகப்பட்ட ஜனம் அல்லவா!

இந்த வேதத்தோடு கொல்லிமலை ஏறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி எவலினும். 1914ல் பிறந்த மகன் பால், பிற்பாடு வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய டாக்டர். 1929ல் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. எவலின்? எழுபதை நெருங்கும்போது, மிஷன் வேலையில் ஓய்வு பெற்ற கையோடு, மறுபடி மலையேறிவிட்டார்! அந்த அம்மாவுக்கும் சாயங்காலம்தான் ஆரம்பம் போலிருக்கிறது. 1974ல், 95 வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம்.