மேகக்கணி நிரலாக்கச் சூழல்

நிரல் எழுதுதல், கம்பைல் செய்தல், பிழை திருத்துதல் ஆகிய காரியங்கள் எழுதுபவரின் கணினியில் நடவாமல், தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் சர்வரில் நடைபெற, அவர் பிரவுசரின் வாயிலாக அவற்றை நடத்திக்கொள்ளும் ஏற்பாடே மேகக்கணி நிரலாக்கச் சூழல் எனப்படும். கருவிகள் யாவற்றையும் சொந்தக் கணினியில் நிறுவிக்கொண்டு, இணையம் அற்ற வேளையிலும் வேலை செய்யும் முறை இதற்கு மாறானது.

காலத்தால் முற்பட்டது தொலைமுறையே. 1961-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்படோ குழுவினர் செய்து காட்டிய நேரப்பகிர்வு முறையிலும், 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியுடன் தொடங்கிய முறையிலும், பலர் தத்தம் டெர்மினலில் அமர்ந்து ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டனர். 1975-இல் ஆல்டேர் 8800 போன்ற சிறு கணினிகள் தோன்றிய பின்னரே கணினி தனிமனிதரின் உடைமையாயிற்று. 1983-இல் எடிட்டரையும் கம்பைலரையும் ஒன்றாக இணைத்து 49.95 டாலருக்கு வெளிவந்த டர்போ பாஸ்கல், கருவியையும் சாமானியருக்கு உரியதாக்கிற்று.

2020-இல் கிட்ஹப் நிறுவனம் அறிமுகப்படுத்திய கோட்ஸ்பேசஸ் தற்காலச் சூழல்களுக்குத் தக்க உதாரணம். தேவையான மொழிகளும் நூலகங்களும் ஒரு கட்டமைப்புக் கோப்பில் விவரிக்கப்பட்டிருப்பதால், புதிதாகச் சேர்ந்தவர் நாட்கணக்கில் அல்லற்படாமல் சில நிமிஷங்களில் வேலையைத் தொடங்கலாம். எளிய மடிக்கணினி மட்டுமே உடைய மாணவருக்கு இது மெய்யான உபகாரம். ஆயினும் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: வழக்கமான அமைப்பின்படி, முப்பது நிமிஷம் வேலையற்றிருந்தால் சூழல் நிறுத்தப்படும், முப்பது நாள் தொடாதிருந்தால், கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில் சேர்த்து அனுப்பப்படாத மாற்றங்களோடு அது அழிக்கப்படும். இவ்விதிகளை வகுக்கும் அதிகாரம் சர்வரின் சொந்தக்காரரிடமே இருக்கிறது. 2010-இல் தொடங்கிய கிளவுட்9 என்னும் இத்தகைய சேவை, 2016-இல் அமேசான் வசமாகி, 2024-இல் புதிய வாடிக்கையாளருக்குக் கதவடைத்தது. நைட்ரஸ் என்னும் சேவையோ 2016-இலேயே முற்றும் நின்றுபோயிற்று. இதற்கு மாறாக, ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய க்னூ திட்டத்தின் ஜிசிசி கம்பைலர், 1987 முதல் மூலநிரலோடு எவர்க்கும் கிடைத்து வருவதால், அதனை எவரும் திரும்பப் பெற்றுக்கொள்ள இயலாது.

ஆதலின் மேகக்கணியை நாடுவோர், டெவ்கன்டெய்னர் எனப்படும் அக்கட்டமைப்புக் கோப்பின் விதிமுறை வெளிப்படையானது என்பதை அறிந்து, அதே சூழலை டாக்கர் என்னும் கருவியின் வழியாகத் தம் கணினியிலும் ஒருமுறை எழுப்பி இயக்கிப் பார்த்துக்கொள்வது அவசியம்.