மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

147573952589676412927.

21 இலக்கம். 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண் இது. சதுரங்கக் கட்டங்களில் தானியத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும் ராஜா கதை தெரியும்தானே? பலகையில் இன்னும் மூன்று கட்டம் இருந்திருந்தால் ராஜா மொத்தம் இத்தனை மணிகள் கொடுத்திருக்க வேண்டும்!

1644-இல் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, இந்த மாதிரி எண்களில் எவை பகா எண்கள் என்று அடுக்கு 257 வரை ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 67-உம் இருந்தது. எப்படிக் கண்டார் என்பதற்கு நிரூபணம் இல்லை. சரிபார்க்கவும் ஆளில்லை. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருநூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

1876-இல் எதுவார்ட் லூக்கா என்பவர் இது பகா எண் இல்லை என்று காட்டினார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று அவருக்குத் தெரியாது! எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்த இடம்தான். வகுக்காமலேயே வகுபடும் என்று எப்படிச் சொல்வது?

லூக்காவின் வழியை 1930-இல் லெமர் எளிமையாக்கினார். 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் (2-இன் 5-ஆம் அடுக்கு, கழித்தல் 1). 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும்: 14. மறுபடியும்: 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. மறுபடியும்: 62, மீதி 0. அடுக்கை விட இரண்டு குறைவாக, அதாவது மூன்று தடவை செய்ததும் 0 வந்தால் பகா எண். நம் எண்ணுக்கு 65 தடவை செய்தாலும் 0 வராது. அவ்வளவுதான், காரணி எதுவும் தேவையே இல்லை.

காரணியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபர் 31, நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கோல் எழுந்துபோய் கரும்பலகையில் 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1-ஐக் கழித்தாராம். பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினாராம். இரண்டு விடையும் ஒன்றே. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார், கைதட்டல் எழுந்தது என்கிறார்கள்.

"என்கிறார்கள்" என்றால், சொன்னவர் எரிக் டெம்பிள் பெல். 1903-இல் அவர் ஸ்டான்ஃபோர்டில் மாணவர், அந்தக் கூட்டத்தில் இல்லை. கதையை மெருகேற்றிச் சொல்வதில் பேர்போனவர் வேறு. எத்தனை நாள் ஆயிற்று என்று 1911-இல் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் பதில் சொன்னாராம்.

கதையை நம்பாவிட்டாலும் உழைப்பை நம்பலாம். இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் மடங்கை விட 1 கூடுதலாகத்தான் இருக்கும். 193707721 அந்த வரிசையில் 14,45,580-ஆவது! கோல் வர்க்க மீதிகளைக் கொண்டு சல்லடை போட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். அதை அவரே கட்டுரையாக அச்சிட்டிருக்கிறார்.

நானும் ஒரு ஞாயிறு அந்தப் பெருக்கலை மட்டும் கையால் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவை கடைசி இலக்கங்கள் 927 என்று வந்தபோது... அப்பாடா!