திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் மருந்தின் நன்மை தீமையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. வேதக் கல்விச்சாலை, மாணவர் விடுதி ஆகியவற்றோடு 'வீரசோழன்' என்ற மருத்துவமனையையும் அது குறிப்பிடுகிறது. அக்கால மக்கள் மருத்துவமனையை ஆதுலர்சாலை என்றனர்.

அமைப்பு

இம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல்லும் ஊதியம். மூலிகை கொணர்ந்து மருந்து செய்ய இருவரும், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவரும், நாவிதர் ஒருவரும் பணியாற்றினர். ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

இரு மருந்துகள்

அப்பட்டியலில் உள்ள பல்லாதக அரிதகி, சேங்கொட்டையும் கடுக்காயும் சேர்ந்தது. சேங்கொட்டையின் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். ஆகவே அதைச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பது மரபு. நோயைத் தீர்க்கும் பொருளே தீங்கும் செய்யும் என்பதை அக்கால மருத்துவம் அறிந்திருந்தது.

மற்றொன்று தசமூல அரிதகி. தசமூலம் எனும் பத்து வேர்களில் நெருஞ்சிலும் ஒன்று. நீரடைப்புக்கு நெருஞ்சிலைத் தருவது சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நெடுநாள் வழக்கம்.

இன்றைய நிலை

முதிய ஆண்களின் நீரடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் புராஸ்டேட் சுரப்பி வீக்கம். இதற்கான பினாஸ்டிரைடு மாத்திரைக்கு 1992இலும், டாம்சுலோசின் மாத்திரைக்கு 1997இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. டாம்சுலோசின் தசையைத் தளர்த்துவதால் சில நாள்களிலேயே சிறுநீர் எளிதாகப் பிரியும். ஆனால் சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். இரவில் கொல்லைப்புறம் செல்லும் முதியவர் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். கண்புரை அறுவையின்போதும் இம்மருந்து சிக்கல் தரும் என்பதால் கண் மருத்துவரிடம் முன்னரே சொல்லவேண்டும். பினாஸ்டிரைடு சுரப்பியையே சுருக்குகிறது. அதன் முழுப் பயனை அறிய ஆறு மாதமாவது ஆகும். சிலருக்குப் பாலுணர்வு குறையும். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவையும் ஏறக்குறையப் பாதியாக்குவதால், புற்றுநோய்ச் சோதனையின் முடிவைத் தவறாகப் புரிந்துகொள்ள நேரிடும்.

தொல்லை குறைவாக இருப்பவர் மருந்தின்றிக் கண்காணிப்பில் இருப்பதும் உண்டு. சேங்கொட்டைக்குச் சுத்தி எப்படியோ, இம்மாத்திரைகளுக்கு மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லி உட்கொள்வது அப்படி. நாட்டு மருந்தும் சேர்த்து உண்பவர் அதையும் மறைக்கலாகாது.